எந்த நாட்டுச் சமயம்?

தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் மாலை வேளையில் உலாவும் கல்லூரி மாணவர்களைக் கண்டால் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. “இங்கிருந்த கோட்டைக்கு டேவிட் என்ற பெயர் எப்படி வந்தது?” என்பேன். கிளைவைப் பற்றிச் சொல்வார்கள். டூப்ளேயைப் பற்றிச் சொல்வார்கள். பெயரைப் பற்றி மட்டும் ஒருவரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். கெடில ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்கருகே இன்று எஞ்சி நிற்பவை செங்கற் சிதைவுகள் சிலவே. கோட்டை போயிற்று, பெயர் நிற்கிறது. நான் இன்று சொல்ல வந்த வரலாறு அந்தப் பெயரில்தான் தொடங்குகிறது.

1690இல் செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டிய மன்னர் இராஜாராமிடமிருந்து இந்தக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் விலைக்கு வாங்கினர். சுற்றுநிலம் எவ்வளவு என்பதற்கு விசித்திரமான ஓர் அளவுகோல் வகுக்கப்பட்டது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட வேண்டும். குண்டு விழும் இடம் வரை கம்பெனிக்கு உரியது. அவ்வாறே சுட்டார்கள். அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் ஏற்பட்டது. காலையில் மராட்டியர் குடியாக எழுந்து ஏருக்குச் சென்ற உழவன், மாலையில் ஆங்கிலேயர் குடியாக வீடு திரும்பியிருக்கிறான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அவர் வேல்ஸ் நாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வேல்ஸ் நாட்டின் காவற்புனிதர் டேவிட். சென்னைக் கோட்டையோ இங்கிலாந்தின் காவற்புனிதரான ஜார்ஜின் பெயரைத் தாங்கி நிற்பது. நம் கடற்கரையில் எழுந்த இரு கோட்டைகளுக்கும் இரு நாடுகளின் புனிதர்கள் பெயர்கள் அமைந்திருப்பதைக் காணுங்கள். சமயமும் தேசமும் ஒரே கொடிக்கம்பத்தில் ஏற்றப்பட்டன.

இது இந்தக் கரைக்குப் புதிய செய்தியன்று. தேவனாம்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே திருப்பாதிரிப்புலியூர் இருக்கிறது. அரசன் ஒரு சமயத்தைச் சார்ந்திருக்கத் தாம் மற்றொன்றைத் தழுவிய குற்றத்துக்காக அப்பரடிகளைக் கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளினார்கள் என்றும், அவர் கல்லே தெப்பமாக இங்கே கரையேறினார் என்றும் பெரியபுராணம் கூறும். கரையேறவிட்டகுப்பம் என்ற ஊர்ப்பெயர் இன்றும் வழங்குகிறது. அரசன் சமயமே குடிகள் சமயமாதல் வேண்டுமா என்ற வழக்கு, இந்த மண்ணில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்துவிட்டது.

அந்த வழக்கு ஐரோப்பாவில் எவ்வாறு நடந்தது என்பதைச் சற்றே பார்த்துவிட்டுக் கடலூருக்குத் திரும்புவோம். 1517இல் ஜெர்மானியத் துறவி மார்ட்டின் லுத்தர் தொடங்கிய சீர்திருத்த இயக்கத்திலிருந்து பிராட்டஸ்டண்டு சபைகள் தோன்றின. அந்த இயக்கத்தின் மடியில் இரண்டு விதைகள் இருந்தன. ஒன்று, வேதம் அவரவர் தாய்மொழியில் இருத்தல் வேண்டும், உழவனும் அதைத் தானே படித்தல் வேண்டும் என்பது. லுத்தர் 1522இல் புதிய ஏற்பாட்டையும் 1534இல் வேதம் முழுவதையும் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். மற்றொன்று, ரோமாபுரிப் போப்பாண்டவரின் தலைமையை உதறிய சபைக்கு நாட்டரசனே காவலன் என்பது. அதே 1534இல் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி தம்மையே ஆங்கிலத் திருச்சபையின் தலைவராக்கிக்கொண்டார். 1555இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, எந்த மன்னனின் நாடோ அந்த மன்னனின் சமயமே அந்நாட்டுக்கு உரியதென்று ஜெர்மானியர் தீர்த்துக்கொண்டார்கள். முதல் விதை சமயத்தை மக்களுக்கு உரியதாக்குவது. இரண்டாவது அதை அரசனுக்கு உரியதாக்குவது. இரண்டும் ஒரே கப்பலில் சோழமண்டலக் கரைக்கு வந்து சேர்ந்தன.

அந்தக் கப்பல் 1706இல் தரங்கம்பாடியில் நங்கூரமிட்டது. டென்மார்க்கு அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்கு, புளுச்சோ என்ற இரு ஜெர்மானியர் அதிலிருந்து இறங்கினர். அரசர் அனுப்பிய மனிதர் என்றால் அரசரின் அதிகாரிகள் வரவேற்றிருக்க வேண்டுமன்றோ? 1708இல் தரங்கம்பாடித் தளபதியே சீகன்பால்கைச் சிறையில் அடைத்தான். நான்கு மாதம் அவர் உள்ளே இருந்தார். வாணிகம் செய்ய வந்தவர்களுக்குச் சமயப் பணியாளர் எப்போதும் உவப்பானவராக இருந்ததில்லை. சீகன்பால்கோ தமிழ்த் திண்ணைப் பள்ளியில் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுத்துக் கற்றவர். 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சேற்றினார். அச்சு இயந்திரம் இங்கிலாந்திலிருந்த ஒரு கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கத்தின் கொடை, வேலை செய்தவர்கள் ஜெர்மானியர், ஊர் டேனியருடையது, நூல் தமிழ். இதில் எந்த நாட்டு முத்திரையைக் குத்துவது?

1717இல் ஆங்கிலக் கவர்னரின் இசைவோடு சென்னையிலும் கடலூரிலும் சீகன்பால்கு தருமப் பள்ளிகளைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் கடலூரைச் சேர்ந்த ஆறுமுகம் என்ற சைவ வேளாள இளைஞர் தரங்கம்பாடியில் திருமுழுக்குப் பெற்று ஆரோன் என்ற பெயர் பூண்டார். இவர் 1733 டிசம்பர் 28இல் குருப்பட்டம் பெற்றார். இந்திய நாட்டின் முதல் பிராட்டஸ்டண்டு குரு நம் கடலூர்க்காரர் என்பதைக் கடலூர் மாணவர்களே பெரும்பாலும் அறியார். அவருக்கு இப்பட்டம் வழங்கப்பட்டதற்கு அவருடைய தகுதியோடு மற்றொரு காரணமும் உண்டு. அக்காலத்தில் தஞ்சை மன்னரின் நாட்டுக்குள் ஐரோப்பியர் தங்கள் விருப்பப்படி நுழைய இயலாது. ஆரோனை எவரும் தடுக்கவில்லை. மாயூரம் வட்டாரத்து ஊர்களில் அவர் நடந்தே திரிந்தார். ஐரோப்பியரின் கடவுச் சீட்டுக்குத் திறவாத கதவுகள் ஆறுமுகத்தின் தமிழுக்குத் திறந்தன.

கடலூருக்கென்று தனி மிஷன் 1737இல் ஏற்பட்டது. 1740இல் அங்கு வந்து சேர்ந்தவர் கீர்நாந்தர் என்னும் சுவீடன் நாட்டவர். ஆங்கிலச் சங்கத்தின் பொருளுதவி பெற்ற லுத்தரன் குரு அவர். ஆங்கிலச் சபையில் பேராயர் கையால் பட்டம் பெறாதவர் குருவாக முடியாது. ஆயினும் இந்தியாவில் அந்தச் சட்டத்தை ஒருவரும் வலியுறுத்தவில்லை. வெயில் அவ்வளவு கடுமை போலும்!

இதற்கிடையில் போர் வந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். ஆங்கிலேயரின் தென்னாட்டுத் தலைமை தேவனாம்பட்டினத்துக்கு வந்தது. 1752 வரை இங்கேயே இருந்தது. 1748இல் உடன்படிக்கை ஏற்பட்டது; மறு ஆண்டு சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியது. அதன்பின் கம்பெனியார் செய்த செயல்தான் நம் கேள்வியை வெளிப்படையாக்குகிறது. கத்தோலிக்கக் குருமார் பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொன்னார்கள் என்று ஐயுற்று, 1749இல் அவர்களைத் தம் எல்லையிலிருந்து வெளியேற்றினர். கடலூரிலிருந்த கத்தோலிக்கக் கோயிலைக் கீர்நாந்தரிடம் ஒப்படைத்தனர். சென்னை வேப்பேரியில், அர்மீனிய வணிகரான கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்பவர் கத்தோலிக்கருக்காகக் கட்டிய கோயில் ஜெர்மானியரான பப்ரீசியஸ் கைக்குச் சென்றது.

இந்த ஐயத்தை வெறும் கொடுமை என்று தள்ளிவிடவும் கூடாது. நியாயம் என்று ஏற்கவும் கூடாது. அப்போதுதான் 1745இல் கத்தோலிக்க இளவரசர் ஒருவர் பிரெஞ்சு உதவியை நம்பி ஸ்காட்லாந்தில் படை திரட்டி ஆங்கில அரியணைக்கு உரிமை கோரியிருந்தார். இங்கிலாந்திலேயே கத்தோலிக்கருக்கு அரசாங்கப் பதவி கிடையாது. பிரான்சிலோ 1685இல் பதினான்காம் லூயி பிராட்டஸ்டண்டுகளின் வழிபாட்டுரிமையைப் பறித்து, ஆயிரக்கணக்கானோரை நாட்டைவிட்டு ஓடச் செய்திருந்தார். சமயத்தைக் கொண்டே ஒருவன் எந்த நாட்டுக்கு உண்மையானவன் என்று கணிப்பது அன்றைய ஐரோப்பாவின் வழக்கம். அந்தக் கணக்கைக் கடலூருக்குக் கொண்டுவந்து போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், கடலூர்க் கத்தோலிக்கர் தமிழர். ரோமாபுரியையோ பாரிஸையோ கனவிலும் கண்டறியாதவர்கள். ஆங்கிலேயரின் பகை பிரெஞ்சுக்காரரோடு. வழிபாட்டிடத்தை இழந்தவர்களோ கடலூர்வாசிகள். அதைப் பெற்றுக்கொண்டவரோ இங்கிலாந்தில் பிறவாத ஒரு சுவீடியர். பெற்றது தவறென்று கீர்நாந்தர் கருதியதாகத் தெரியவில்லை. பிறர் கோயிலில் நின்று அன்பைப் போதிப்பது அவருக்கு அரிதாகப் பட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒன்பது ஆண்டுகளில் சக்கரம் திரும்பியது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரையும், ஜூன் மாதம் செயிண்ட் டேவிட் கோட்டையையும் கைப்பற்றிக் கோட்டையை இடித்துத் தள்ளினார். இந்த லாலி யார் தெரியுமா? அயர்லாந்துக்காரரின் மகன். பிராட்டஸ்டண்டு ஆட்சிக்குத் தலைவணங்க மறுத்து, கத்தோலிக்க அரசரைப் பின்பற்றி நாடிழந்து பிரான்சில் குடியேறியவர் அவர் தந்தை. அவரோடு வந்த படையில் ஐரிஷ்காரர் பலர். ஆக, பிரெஞ்சுக் கொடியின் கீழ் நின்ற ஐரிஷ்காரர் ஒருவர், ஆங்கிலக் கொடியின் கீழ் நின்ற சுவீடன் குரு ஒருவரைக் கடலூரில் எதிர்கொண்டார். லாலி அவரைத் துன்புறுத்தவில்லை. டேனியரின் தரங்கம்பாடிக்குச் செல்ல வழிவிட்டார். கீர்நாந்தர் அங்கிருந்து கல்கத்தாவுக்குச் சென்றார், வங்காளத்தின் முதல் பிராட்டஸ்டண்டு மிஷனரி எனப் பெயர் பெற்றார், கடலூருக்குத் திரும்பவேயில்லை. லாலியின் முடிவோ துயரமானது. யாருக்காக நாடிழந்து போரிட்டாரோ அந்தப் பிரெஞ்சு அரசே, தோல்விக்குப் பின் துரோகி என்று தீர்ப்பளித்து 1766இல் அவர் தலையைக் கொய்தது.

1782இல் ஹைதர் அலியின் துணையோடு பிரெஞ்சுக்காரர் மறுபடியும் கடலூரைப் பிடித்தனர். அப்போது மிஷன் பொறுப்பில் இருந்த ஜெர்மானியர் கெரிக்கே ஊரை விட்டு ஓடவில்லை. அவருடைய கோயிலை வெடிமருந்துக் கிடங்காக்கினார்கள். 1749இல் ஒரு கொடி ஒரு கோயிலைப் பறித்தது. 1782இல் மற்றொரு கொடி மற்றொரு கோயிலில் மருந்துப் பீப்பாய்களை அடுக்கியது. இந்த முப்பத்து மூன்று ஆண்டுக் காலத்தில் கடலூர்த் தமிழ்க் கிறிஸ்தவர் எத்தனை அரசர்களுக்காக மன்றாடியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆள்வோருக்குக் கீழ்ப்படிக என்று பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் போதிக்கிறார். ஆள்வோர் ஆண்டுதோறும் மாறினால் என் செய்வது என்பதற்கு அங்கே விடையில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோட்டைச் சண்டைகள் ஓய்ந்தன. ஆங்கில ஆட்சி நிலைத்தது. தேசத்தைவிடக் கூரிய மற்றொரு கேள்வி சபைக்குள் எழுந்தது. சாதி வேற்றுமையோடு கோயிலில் தனித்தனியே அமரலாமா, ஒரே கிண்ணத்தில் நற்கருணை பருகத் தயங்குபவன் கிறிஸ்தவனா என்பது அது. லைப்சிக் நகர லுத்தரன் சங்கத்தார் சாதியைச் சமூக வழக்கமென்று பொறுத்துப் போயினர். அதை ஏற்க மாட்டாத கார்ல் ஒக்ஸ் என்ற குரு அச்சங்கத்தை விட்டு விலகி, 1860களில் டேனிஷ் மிஷன் சங்கத்தோடு சேர்ந்து, கடலூருக்கு மேற்கே பட்டாம்பாக்கத்தில் புதிய பணியைத் தொடங்கினார். தென்னார்க்காட்டில் டேனிஷ் மிஷன் வேரூன்றியது இவ்வாறுதான். நாட்டால் ஒன்றாதல் பேச எளிது. பந்தியில் ஒன்றாதல் அரிது. இந்த வழக்கு இன்னும் முற்றும் தீர்ந்துவிட்டதென்று நான் சொல்ல மாட்டேன்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. பழைய கேள்வி கோட்டையின்றியே திரும்பி வந்தது. லைப்சிக் மிஷனின் ஜெர்மானியக் குருமார் ஒரே நாளில் பகைநாட்டவர் ஆயினர். சிறைகாவலில் வைக்கப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டனர். அதே நம்பிக்கை, அதே பாட்டு, அதே செபம் உடைய சுவீடியர் அவர்கள் இடத்தில் வந்து அமர்ந்தனர். சமயம் ஒன்றுதான், பிறந்த ஊரே குற்றமாயிற்று. தலைவர்கள் இல்லாத சபை என்ன ஆகும் என்று அஞ்சியவர்கள் உண்டு. 1919 ஜனவரி 14இல் தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்ற பெயரோடு அது தன் காலில் எழுந்து நின்றது. பெயரின் முதற்சொல்லைக் கவனியுங்கள். டேனிஷ் மிஷன், ஆங்கில மிஷன், லைப்சிக் மிஷன் என்று இருநூறு ஆண்டுகளாக அயலூர்ப் பெயர்களைச் சூடியிருந்த சபை, அன்றுதான் தமிழ் என்பதைத் தன் பெயராக்கிக்கொண்டது.

போருக்குப் பின் அரசாங்கத்தார் ஓர் ஏற்பாடு செய்தனர். பிரிட்டிஷார் அல்லாத மிஷனரிமார், அரசியலில் கலவாமல் சட்டபூர்வமான அரசாங்கத்துக்கு விசுவாசமாக ஒத்துழைப்பதாக எழுதிக் கொடுத்தல் வேண்டும். பார்வைக்கு எளிய நிபந்தனை. ஆனால் நாடு முழுவதும் காந்தியடிகளின் பின் திரண்டு நின்ற நேரத்தில், அரசியலில் கலவாமை என்பதும் ஒரு பக்கத்தில் நிற்பதாகவே முடிந்தது. மதுரையில் பணியாற்றிய அமெரிக்கர் கைத்தான் கதரணிந்து தேசிய இயக்கத்தாரோடு பழகியதற்காக 1930இல் நாட்டை விட்டுச் செல்ல நேர்ந்தது பிற்காலச் செய்தி. அவருக்கும் முன்னரே இச்சோதனையை எதிர்கொண்ட ஒரு பெண்மணி தென்னார்க்காட்டில் இருந்தார்.

ஆன் மேரி பீட்டர்சன் 1878இல் டென்மார்க்கில் பிறந்தவர். 1909இல் டேனிஷ் மிஷன் சங்கத்தின் சார்பில் இங்கு வந்தவர். அவர் நாட்டில் குருண்ட்விக் என்ற லுத்தரன் குரு, உழவர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் நாட்டு வரலாறும் பாட்டும் கற்பிக்கும் மக்கட்பள்ளிகளுக்கு வழிகாட்டியிருந்தார். அத்தகைய நாட்டிலிருந்து வந்தவருக்கு, தமிழ்ப் பெண்கள் அயல்நாட்டு நடையுடையில் கிறிஸ்தவத்தைக் கற்பது முறையாகத் தோன்றவில்லை. 1917 ஜனவரியில் தம்மோடு பணியாற்றிய எஸ்தர் பேரிங் என்ற இளம்பெண்ணுடன் அகமதாபாத்துக்குச் சென்று காந்தியடிகளின் ஆசிரமத்தைக் கண்டார். அந்த வருகைக்குப் பின் இருவர் வாழ்வும் திசை மாறின. அரசாங்கத்தின் ஐயப்பார்வை அவர்கள் மேல் விழுந்தது. சங்கத்தாருக்கும் மனக்கலக்கம் உண்டாயிற்று. எஸ்தர் சங்கத்தை விட்டு விலகி ஆசிரமத்தில் சேர்ந்தார். பின்னர் மேனன் என்ற மலையாளி ஒருவரை மணந்தார். காந்தியடிகள் அவரை மகளாகப் பாவித்து எழுதிய கடிதங்கள் பல நூலுருவில் கிடைக்கின்றன. பீட்டர்சனும் சங்கத்தை விட்டார், கிறிஸ்துவை விடவில்லை. சிதம்பரத்துக்கு அருகே பரங்கிப்பேட்டையில் சேவா மந்திரம் என்ற பெயரில் பெண்களுக்கு ஒரு தேசியக் கிறிஸ்தவப் பள்ளியைத் தொடங்கினார். 1921 செப்டம்பர் 17இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகள். அதற்கு ஐந்தாம் நாள் மதுரையில் அவர் மேலாடையைத் துறந்து அரையாடை பூண்டார் என்பதை நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

அந்த ஊரின் பெயரை நான் நெடுநேரம் சிந்தித்ததுண்டு. பரங்கி என்ற சொல் முன்னாளில் போர்ச்சுக்கீசியரைக் குறித்தது. பின்பு வெள்ளையர் எவரையும் குறித்தது. நாளடைவில் கிறிஸ்தவத்துக்கே பரங்கி மார்க்கம் என்று பெயராயிற்று. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரைக்கு வந்த கத்தோலிக்கத் துறவி தத்துவ போதகர், தாம் பரங்கியல்லர் என்று பறைசாற்றிக் காவியுடுத்து வாழ்ந்தது இந்தப் பழிக்கு அஞ்சியே. கிறிஸ்தவனாவது பரங்கியாவதே என்ற அந்த எண்ணம் முந்நூறு ஆண்டு வாழ்ந்தது. அத்தனை காலத்துக்குப் பின், பரங்கியின் பெயர் பூண்ட ஊரிலேயே, வெள்ளைப் பெண்மணி ஒருவர் தேசியம் என்ற சொல்லையும் கிறிஸ்தவம் என்ற சொல்லையும் ஒரே பலகையில் எழுதினார். இராட்டை அங்கே பாடமாயிற்று. பீட்டர்சன் 1951 வரை வாழ்ந்தார். விடுதலையைக் கண்ணாரக் கண்டார்.

அரசியல் மேடையிலும் இந்த வழக்கு நடந்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணச் சட்டசபையில் இந்தியக் கிறிஸ்தவருக்குத் தனித் தொகுதிகள் அளித்தது. சலுகைதானே, பெற்றுக்கொண்டால் என்ன என்று கேட்டவர்கள் பலர். சேலத்தில் பிறந்த கே. டி. பால், 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றபோது தனித் தொகுதி வேண்டாமென்று வாதாடினார். தனியே வாக்களிப்பவன் தனியே நிற்பவனாகவே கருதப்படுவான் என்பது அவர் கவலை. அவர் சொல் அன்று எடுபடவில்லை. மறு ஆண்டே அவர் மறைந்தார். 1949இல் அரசியல் நிர்ணய சபையில் கிறிஸ்தவப் பிரதிநிதிகள் தம் சமயத்தாருக்கென்று ஒதுக்கிய இடங்களைத் தாமே முன்வந்து விட்டுக்கொடுத்தனர். அது அறிவுடைமையா, இழப்பா என்று இன்றும் வாதிடுவோர் இருக்கிறார்கள். மாணவர்களே, அந்த வாதத்தை உங்கள் வகுப்பறையில் நடத்திப் பாருங்கள்.

நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களில், 1947 செப்டம்பர் 27இல், சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு சண்டைகள் தமக்குரியவை அல்லவென்று தென்னாட்டார் அவற்றை ஒதுக்கிவிட்டு ஒன்றாயினர். ஆங்கில அரசருக்காக மன்றாடிய இடத்தில் பின்னர்க் குடியரசுத் தலைவருக்காக மன்றாடினர். லுத்தரன் சபையார் இந்த ஒன்றிப்பில் சேரவில்லை. 1921இல் அவர்களுக்குப் பேராயர் பதவி ஏற்பட்டபோது அதில் அமர்ந்தவர் சுவீடன் நாட்டவர்; அடுத்தவரும் சுவீடியர்; அதற்கடுத்தவரும் அவ்வாறே. 1956இல்தான் இராஜா மாணிக்கம் என்ற தமிழர் தரங்கம்பாடிப் பேராயராக அபிஷேகம் பெற்றார். கடலூர் ஆறுமுகம் அதே தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற நாளிலிருந்து கணக்கிட்டால், இடைப்பட்ட காலம் 222 ஆண்டுகளும் சில நாட்களும்.